போக்கரில் ஃப்ளொப்புக்குப் பிறகு முதல் ஆள் நீங்கள் என்றால்: முந்திக் கட்டுவதா, செக் சொல்வதா?

பட்டனில் (ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம்) இருப்பவர் ரெயிஸ் பண்ணுகிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார். பிக் பிளைண்டில் (தாள் பார்க்கமுன் கட்டாயமாகக் கட்டும் இரண்டு இடங்களில் பெரியது) இருந்து நீங்கள் கோல் அடிக்கிறீர்கள், அதாவது அதே அளவைக் கட்டுகிறீர்கள். மற்றவர்கள் ஃபோல்ட், தாளைப் போட்டுவிட்டு விலகுகிறார்கள். ஃப்ளொப், அதாவது எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று தாள்கள், விழுகிறது. இனி நாலாவது பொதுத் தாளான டேர்ன், கடைசித் தாளான ரிவர் வரைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேசவேண்டியவர் நீங்கள், கடைசியில் பேசுபவர் அவர். இங்கே வழி இரண்டு. அவருக்கு முன்னமே நீங்கள் பெட் கட்டலாம். டொங்க் பெட் என்று நக்கலாகச் சொல்வார்கள். அல்லது செக் சொல்லி (ஒன்றும் கட்டாமல் விட்டு), அவர் செய்வதைப் பார்த்துவிட்டு கோல், ரெயிஸ், ஃபோல்ட் மூன்றில் ஒன்றை எடுக்கலாம். இரண்டையும் விளையாடிப் பார்த்துவிட்டு இப்போது நான் அநேகமாக எப்போதும் செக்தான். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். எனவே நடுநிலையான அலசல் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

எங்கள் மேசை மாங்குளத்துக்குக் கிட்ட. காலபோக அறுவடை முடிந்த பிறகுதான் ஆட்கள் ஒழுங்காகச் சேர்வார்கள். காசு இல்லை. ஆளுக்கு 100 புளியங்கொட்டை, சின்ன பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2. எல்லோரும் 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்கள், அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் வந்துவிடும். 304இல் முதல் தாள் இறக்குபவருக்கு ஒரு பலம் உண்டு. எந்த இனத்தை இறக்குவது என்பதை அவர் தீர்மானிக்கிறார், மற்றவர்கள் கையில் இருந்தால் அதே இனத்தைப் போட்டே ஆகவேண்டும், எதிரே கூட்டாளியும் இருக்கிறார். போக்கரில் கூட்டாளியும் இல்லை, கட்டாயமும் இல்லை. முதலில் பேசுபவர் தன் கையைப் பற்றி ஒரு செய்தியை இலவசமாகக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் மேசையில் ஒரு அண்ணை இன்னும் சொல்வார்: “நல்ல தாள் வந்தா ஒளிச்சு வைக்கிறதே? தூக்கிக் கட்டு தம்பி!”

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்திக் கட்டினால் பட்டன்காரருக்கு இலவசத் தாள் கிடைக்காது. ஃபிளஷுக்கு (ஐந்து தாளும் ஒரே இனம்) காத்திருப்பவர் விலை கொடுத்துத்தான் அடுத்த தாளைப் பார்க்கவேண்டும். யோசிக்கவேண்டியதும் குறைவு. இதெல்லாம் தெரிந்த விசயம், விரிக்கத் தேவையில்லை.

சிக்கல் டேர்னில் வருகிறது. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான், அதனால் கணக்கோடு பார்ப்போம்.

உங்கள் கையில் K-9, இரண்டும் வேறு இனம். அவர் 5 கொட்டைக்கு ரெயிஸ் பண்ணினார், நீங்கள் கோல். சின்ன பிளைண்டின் 1 சேர்த்து பொட் (நடுவில் சேர்ந்த கொட்டை) 11. ஃப்ளொப் K-8-3, அதில் இரண்டு ஆடுதன் இனம். மேல் ஜோடி கிடைத்துவிட்டது, துணைத் தாள் சுமார். இப்போது அரைப் பொட் அளவில் 6 கட்டுகிறீர்கள். அவர் கோல். பொட் 23. டேர்னில் ஒரு 10 விழுகிறது. மறுபடியும் முதல் ஆள் நீங்கள்தான், பொட்டோ இரண்டு மடங்கு. அவர் கையில் என்ன இருக்கிறது? K-Q, K-J இருக்கலாம், ஆடுதன் இரண்டு இருக்கலாம், ஒரு 8 இருக்கலாம். கட்டாமல் விட்டால் பயந்துவிட்டீர்கள் என்று அவருக்கு விளங்கும். சரி என்று 12 கட்டினால், கோல் அடித்த பிறகு பொட் 47. ரிவரில் இன்னொரு அரைப் பொட் 24. ஆரம்பத்து 5ஐயும் சேர்த்தால் 47 கொட்டை, கையில் இருந்ததில் கிட்டத்தட்டப் பாதி, ஒரேயொரு ஜோடியை நம்பி உள்ளே போயிருக்கிறது. மூன்று சுற்றிலும் கோல் அடித்தவர் கையில் K-9ஐ விடக் குறைந்தது ஏதாவது இருக்குமா? எங்கள் மேசையில் கொஞ்சம் இருக்கும். தெரிந்து விளையாடுகிறவர்களிடம் மிகக் குறைவு. A-7, J-9 மாதிரித் தவறிப்போன கைகள் எல்லாம் உங்கள் முதல் 6இலேயே ஓடிவிட்டன. அதாவது உங்களிடம் தோற்கக்கூடியவர்களை நீங்களே கலைத்துவிட்டு, வெல்லக்கூடியவர்களை மட்டும் மேசையில் வைத்திருக்கிறீர்கள்.

இப்போது அதே K-9, செக். அவர் பொட்டில் மூன்றிலொரு பங்கு அளவில் 4 கட்டுகிறார். ரெயிஸ் பண்ணியவர் ஃப்ளொப்பிலும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது வழக்கம். ஜோடி இல்லாத இரு தாள்களோடு வருபவருக்கு ஃப்ளொப்பில் மூன்றுக்கு இரண்டு தரம் ஜோடிகூட விழாது என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். 19 ஆகப்போகும் பொட்டுக்கு 4 கொடுக்கிறீர்கள். 21 வீதம் வெல்ல வாய்ப்பு இருந்தாலே கோல் சரி, K-9க்கு அதற்கு மேல் தாராளமாக இருக்கிறது. டேர்னில் இருவரும் செக் என்று வைப்போம். ரிவரில் அவர் 10 கட்டுகிறார், நீங்கள் கோல். மொத்தச் செலவு 5, 4, 10, ஆக 19 கொட்டை. தோற்றாலும் 19 தான். அதைவிட, ஒன்றும் இல்லாமல் புளஃப் அடித்த A-7இடமிருந்தும் கொட்டை வந்திருக்கிறது. அது முந்திக் கட்டியிருந்தால் வராத கொட்டை.

இலவசத் தாள் பற்றிய பயத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஃபிளஷுக்குக் காத்திருப்பவருக்கு 9 தாள்கள் உதவும். டேர்னில் அது விழ ஏறத்தாழ 19 வீதம். 11 கொட்டைப் பொட்டில் அதன் பெறுமதி இரண்டு கொட்டை. அதுவும் அவரிடம் உண்மையில் அந்த இரு ஆடுதன் இருந்து, அவரும் செக் சொன்னால்தான். இரண்டு கொட்டையைக் காப்பாற்ற 47 கொட்டைப் பாதையில் இறங்குவது எனக்குக் கட்டுபடியாகவில்லை.

செக் என்றால் எப்போதும் கோல் அடித்துக்கொண்டே போவது என்று எடுக்கவேண்டாம். 3-3 கையில் இருந்து செட் (ஒரே எண்ணில் மூன்று தாள்) விழுந்தால் அவரின் 4க்கு மேல் 14 ஆக ரெயிஸ். ஆடுதனில் 7-6 இருந்தாலும் அதேதான்: அவர் ஃபோல்ட் பண்ணினால் உடனே பொட், கோல் அடித்தாலும் ரிவருக்குள் ஃபிளஷ் விழ 35 வீதம் இருக்கிறது. K-9ஐ மட்டும் ரெயிஸ் பண்ணமாட்டேன். அவர் கோல் அடித்தால் பொட் 39 ஆகி, டேர்னில் அதே சங்கடத்தில் இன்னும் பெரிய பொட்டோடு வந்து நிற்போம். பலமான கையையும் அரைகுறைக் கையையும் ஒரே செக்கில் வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, ஏனென்றால் மேசையில் தினமும் அதே முகங்கள். நல்ல கைக்கு எல்லாம் முந்திக் கட்டினால், நீங்கள் செக் சொல்லும் நாளில் எல்லோருக்கும் தெரியும், கையில் ஒன்றுமில்லை என்று.

முந்திக் கட்டுவதுதான் சரி என்று நான் ஒத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஃப்ளொப் 7-6-5 மாதிரி விழுந்தால் கதை வேறு. பிக் பிளைண்டில் 2 ஏற்கெனவே உள்ளே கிடப்பதால் ஒரே இனத்தில் 8-4, 4-3கூட மலிவாகக் கோல் அடித்திருப்போம். அவரிடம் A-K, A-Q, K-J போன்றவை அதிகம். ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து தாள்) இரட்டை ஜோடியும் நம் பக்கம்தான் அதிகம் விழும், அங்கே கட்டலாம். பியோசோல்வர் போன்ற, சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் போக்கர் மென்பொருள்களும் பெரும்பாலான ஃப்ளொப்புகளில் பிக் பிளைண்டை அநேகமாக எல்லாக் கைக்கும் செக் சொல்லவைத்துவிட்டு, இப்படிப்பட்ட ஃப்ளொப்புகளில்தான் முந்திக் கட்டவிடுகின்றன. அடுத்தது, எதிரில் இருப்பவர் தானாகக் கட்டவே மாட்டார், ஆனால் கட்டினால் ஃபோல்டும் பண்ணமாட்டார் என்றால், செட்டோடு செக் சொல்லிக் காத்திருப்பது வீண். அந்த மாதிரி ஆட்கள் எங்கள் மேசையில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை.

என் பக்கத்துக்கு இடிக்கும் சாட்சி ஒன்றையும் மறைக்கக்கூடாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற நிரல் 2019இல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரரை வென்றது. டொங்க் பெட் பிழை என்ற பழைய நம்பிக்கைக்கு மாறாக, மனிதர்களை விட அது அதிகமாக முந்திக் கட்டியது என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நிரல் எந்தக் கையை எத்தனை தரம் கட்டுவது, எத்தனை தரம் செக் சொல்வது என்று கலந்து விளையாடுகிறது. நானும் அந்த அண்ணையும் கட்டும்போது எங்கள் முகமே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

நான் சொன்னது எல்லாம் ஃப்ளொப்பில் இருவர் மட்டும் மிஞ்சும் கைகளுக்கும், 100 கொட்டை அளவு கைமுதலுக்கும்தான். நாலு பேர் உள்ளே நிற்கும் பொட்டில் புளஃப்புக்கு மதிப்புக் குறையும் என்பது வரைக்கும் தைரியமாகச் சொல்வேன், அதற்கு மேல் என் அனுபவம் போதாது. காசு மேசையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

சின்ன பிளைண்டில் இருக்கும்போது இந்தத் தொல்லை முழுவதையும் ஃப்ளொப்புக்கு முன்பே தவிர்க்கலாம். அங்கே கோல் அடிப்பதை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன், ஒன்றில் மறு ரெயிஸ், இல்லாவிட்டால் ஃபோல்ட். மறு ரெயிஸுக்கு அவர் கோல் அடித்து K-8-3 போல ஸ்ட்ரெய்ட்டுக்கு வழி குறைந்த, காய்ந்த ஃப்ளொப் வந்தால் மூன்றிலொரு பங்கு கட்டுவேன், ஏனென்றால் A-K, A-A, K-K எல்லாம் இப்போது என் பக்கம்தான் அதிகம். 7-6-5 வந்தால் அங்கேயும் பெரும்பாலும் செக்.