சிகாகோவில் எந்த அணி: கப்ஸா, வொயிட் சாக்ஸா?

சிகாகோ பக்கம் குடிவந்தால் முதல் கோடை முடிவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நீங்க கப்ஸா, சாக்ஸா?" ஆபீஸில் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் கேட்பார்கள். இரண்டும் இந்த ஊர் பேஸ்பால் அணிகள். நகரின் வடக்கே கப்ஸ், தெற்கே வொயிட் சாக்ஸ் என்பது ஊர் வழக்கு. நேப்பர்வில், அரோரா என்று மேற்குப் புறநகரில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு அரங்குக்கும் காரில் போகும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஊருக்குள் போய்விட்டால் இரண்டுக்குமே ஒரே ரெட் லைன் ரயில்தான். வடக்கே ஆடிசன் நிறுத்தம், தெற்கே 35-ஆம் தெரு நிறுத்தம்.

நான் சாக்ஸ் பக்கம். 2024-இல் 121 ஆட்டங்கள் தோற்று, 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி 120 தோல்வியோடு வைத்திருந்த நவீன கால மோசமான சாதனையை முறியடித்த அதே அணிதான். அதற்குப் பிறகும் ஏன் இந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஓர் அணியைத் தேடுகிறவர்களுக்கும் உதவும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரின் கோப்பைக் கணக்கில் இருவரும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். சாக்ஸ் 2005-இல் ஹூஸ்டனை 4-0 என்று துடைத்து 88 வருடக் காத்திருப்பை முடித்தது. கப்ஸ் 2016-இல் கிளீவ்லாண்டை ஏழாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில், மழைக்காக 17 நிமிடம் நிறுத்திய பிறகு வென்று, 108 வருடக் காத்திருப்பை முடித்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது கப்ஸின் கதையை மட்டும்தான், அது வேறு விஷயம்.

இன்றைய பலம்? கப்ஸ், சந்தேகமே இல்லை. 2025-இல் 92 வெற்றி, சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் சான் டியகோவைத் தாண்டி, மில்வாக்கியிடம் ஐந்தாவது ஆட்டம் வரை போய்த்தான் தோற்றார்கள். சாக்ஸ் அதே வருடம் 60 வெற்றி, 102 தோல்வி. தொடர்ந்து மூன்றாவது வருடமாக நூறைத் தாண்டிய தோல்வி.

அரங்கிலும் கப்ஸ்தான். ரிக்லி ஃபீல்ட் 1914-இல் கட்டியது. பெரிய லீகில் அதைவிடப் பழசு பாஸ்டனின் ஃபென்வே மட்டும்தான். மைதானத்தின் எல்லைச்சுவர் முழுக்கப் படர்ந்த கொடி, ஆள் ஏறி நின்று கையால் எண்களை மாற்றும் ஸ்கோர்போர்டு, சுற்றிலும் வீடுகள். பந்து கொடிக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்குவார், பேட்டருக்கு இரண்டு பேஸ். விளக்கே 1988-இல்தான் வந்தது. சாக்ஸின் அரங்கு 1991-இல் திறந்தது. அடுத்த வருடமே பால்டிமோரில் பழைய பாணியில் கேம்டன் யார்ட்ஸ் வந்து, அதன்பின் எல்லா ஊரும் அதைப் பார்த்தே கட்டிக்கொண்டது. ஒரே வருடத்தில் புது அரங்கு பழசாகிவிட்டது. மேல் தட்டு செங்குத்தாக இருக்கும். வயதானவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம்.

சரி, கோப்பையில் சமம், பலத்திலும் அரங்கிலும் கப்ஸ். அப்புறம் எதற்கு சாக்ஸ்?

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: அடிக்கடி போக முடிகிறதா இல்லையா.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் பிடிபடாது. பேஸ்பாலில் ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது, அதில் 81 சொந்த ஊரில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஒரு தனி ஆட்டத்துக்கு இங்கே பெரிய மதிப்பு இல்லை. 2024-இல் வேர்ல்ட் சீரீஸ் கோப்பை வாங்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்கூட அந்த சீசனில் 64 ஆட்டம் தோற்றது. அதாவது நாட்டிலேயே சிறந்த அணியின் ரசிகர் ஐந்து நாளுக்கு இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினார். இந்த ஆட்டத்தின் ருசி முடிவில் இல்லை, திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில் ஒன்றும் நடக்காதது போலவே தோன்றும். பிறகுதான் கண் பழகும். எந்த பேட்டர் வந்தால் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இரண்டு அடி தள்ளி நிற்கிறார், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் கையுறையை எங்கே வைக்கிறார், மாற்றுப் பந்துவீச்சாளர்கள் தயாராகும் புல்பென்னில் யார் எழுந்து தோளைச் சுழற்றுகிறார் என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

அந்தப் பழக்கம் வர வேண்டுமானால் அரங்குக்குப் போவது தீபாவளி மாதிரி வருடத்துக்கு ஒருமுறை வரும் காரியமாக இருக்கக் கூடாது. ரிக்லி அப்படித்தான் ஆகிவிடுகிறது. நாட்டிலேயே விலை கூடிய டிக்கெட்டுகளில் கப்ஸ் டிக்கெட்டும் ஒன்று. 2024-இல் கப்ஸ் ஆட்டங்களுக்கு சுமார் 29 லட்சம் பேர் வந்தார்கள்; சாக்ஸுக்கு அதில் பாதிக்கும் குறைவு, 14 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. நாலு பேர் குடும்பம் கோடை சனிக்கிழமையில் ரிக்லிக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் திட்டம் போட வேண்டும். வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிப் பாடு, ஏனென்றால் அரங்கே குடியிருப்புத் தெருவுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சாக்ஸ் அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வானிலை பார்த்து, "இன்னிக்குப் போலாமா?" என்று கேட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையை ஒட்டியே பரந்து கிடக்கும் பார்க்கிங்கில் வண்டியை விட்டு உள்ளே போய்விடலாம். ரிக்லியில் கடைசி வரிசைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே கீழ்த்தட்டில், முதல் பேஸ் அருகே உட்கார முடிகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஆட்டமே வேறு. 2024-இல் காரட் குரோஷே பந்து வீசிய வார நாள் ஆட்டங்களை அப்படித்தான் பார்த்தோம். இடது கை, நெடிய உருவம், அதுவரை முழுநேரமாக ஆட்டத்தைத் தொடங்கி வீசாதவர். கூட்டம் குறைவு என்பதால் பந்து கேட்சரின் கையுறையில் அடிக்கும் சத்தம் எங்கள் வரிசை வரை பளாரென்று கேட்கும். அந்த சீசனில் அவர் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். கணக்கில் அவர் பெயரில் 6 வெற்றி, 12 தோல்வி. அவர் வீசும் அன்று அணி தோற்றாலும் பார்த்ததற்குக் குறை இல்லை.

என் மகள் ஸ்கோர் ஷீட் எழுதப் பழகியதும் அந்த வருடம்தான். களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. 6-4-3 என்று எழுதினால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்குப் போட்டு, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட். பேட்டைச் சுழற்றாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கில் வெளியேறியவருக்கு, ஸ்ட்ரைக்-அவுட் குறியான ஆங்கில 'கே' எழுத்தை இட வலம் திருப்பி எழுத வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை போய் இதையெல்லாம் கற்றுக்கொடுக்க முடியாது. நடுவில் கோப்பையில் உதிர்த்துக் கொடுக்கும் சோளம் வாங்கிக்கொள்வோம். வெண்ணெய், சீஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் போட்டது. அரங்குச் சாப்பாட்டில் கப்ஸ் பக்கம் இதற்கு ஈடு இல்லை. ஹோம் ரன் அடித்தால் ஸ்கோர்போர்டின் சக்கரங்கள் சுழன்று வாணம் வெடிக்கும். தோற்கும் ஆட்டத்திலும் வெடிக்கும்.

இனி எதிர்வாதம். கப்ஸ் ரசிகரான நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் இங்கேதான் பிடிப்பார்: "சரிங்க, மலிவா உட்கார்ந்து பார்த்தீங்க. அந்த குரோஷே இப்ப எங்க?" பாஸ்டனில். 2024 டிசம்பரில் வேறு வீரர்களுக்குப் பதிலாக அங்கே டிரேட் செய்துவிட்டார்கள். அதற்கு முன் கிறிஸ் சேல், டிலன் சீஸ் என்ற பிட்ச்சர்களையும் டிரேட் செய்தார்கள். பிடித்த பிட்ச்சர் பெயர் போட்ட சட்டை வாங்கினால் அது சீக்கிரமே பழைய சட்டை ஆகிவிடுகிறது என்பது உண்மைதான்.

ஆனால் இதில் கப்ஸ் மட்டும் என்ன யோக்கியம்? 2021 ஜூலைக் கடைசியில், 2016 கோப்பையை வாங்கித் தந்த ரிஸ்ஸோ, பயேஸ், பிரையன்ட் மூவரையும் ஏறக்குறைய ஒரே நாள் இடைவெளியில் மூன்று ஊருக்கு அனுப்பினார்கள். கையில் பணம் இருந்தும் அனுப்பினார்கள். பயேஸுக்குப் பதிலாக வந்த பையன்தான் பீட் குரோ-ஆம்ஸ்ட்ராங். 2025-இல் 31 ஹோம் ரன், 35 திருட்டு பேஸ் (பந்தை யாரும் அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). அந்த டிரேட் கப்ஸுக்கு நன்றாகவே பலித்தது, ஒத்துக்கொள்கிறேன். குரோஷேக்குப் பதிலாக எங்களுக்கு வந்த கைல் டீல், சேஸ் மெய்ட்ராத் இருவரும் 2025-லேயே அணிக்குள் வந்து ஆடிவிட்டார்கள். பலிக்கும் என்று நம்புகிறேன். சின்ன லீகுகளை நான் உட்கார்ந்து பின்தொடர்வதில்லை, அதனால் இதில் என் நம்பிக்கையை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்தில்தான் இரண்டு அணிக்கும் உண்மையான இடைவெளி. 2022 டிசம்பரில் கப்ஸ் டான்ஸ்பி ஸ்வான்சனுக்கு 17.7 கோடி டாலர் கொடுத்தது. அதே மாதம் சாக்ஸ் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு 7.5 கோடி கொடுத்தது; அணியின் வரலாற்றிலேயே அதுவரை அதுதான் பெரிய ஒப்பந்தம். 1981-இலிருந்து ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் கையில்தான் அணி இருக்கிறது. 2024 கடைசியில் சொந்த அரங்கிலேயே "அணியை வித்துடு" என்று கோஷம் போட்டார்கள்.

2024 தோல்விக்கு யார் பொறுப்பு என்று சாக்ஸ் ரசிகர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல்தான் என்று ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. தொடர்ந்து 21 ஆட்டம் தோற்று, ஓக்லாண்டில் ஒருவழியாக ஒன்றை ஜெயித்த பிறகு ஆகஸ்ட் 8-இல் அவரை நீக்கினார்கள். அவரிடம் 28 வெற்றி, 89 தோல்வி. பிறகு வந்த சைஸ்மோரிடம் 13-32. ஆளை மாற்றியும் நாற்பத்தைந்து ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2021-இல் 93 ஆட்டம் ஜெயித்த அதே கூட்டத்தை நம்பி, காயம்பட்டால் இறக்க இரண்டாம் வரிசை ஆளே வைத்துக்கொள்ளாததுதான் காரணம். மூன்றாம் பேஸ் வீரர் யோவான் மொன்காடா 2024-இல் 12 ஆட்டம்தான் ஆடினார். கான்சாஸ் சிட்டியிடம் மட்டும் 13 ஆட்டத்தில் 12 தோல்வி. இது அணியைக் கட்டியவர்கள் செய்த தவறு, களத்தில் நின்றவர்கள் செய்தது அல்ல.

அந்தக் களத்தில் நின்றவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 120 தோல்வியோடு சொந்த ஊருக்கு வந்தபோது 121-ஐ நேரில் பார்க்கவென்றே சிலர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். ஏஞ்சல்ஸுக்கு எதிரான அந்த மூன்று ஆட்டத்தையும் சாக்ஸ் ஜெயித்தது. 121-ஆவது தோல்வி டிட்ராய்டில்தான் வந்தது. அந்த மூன்று நாளுக்காகவே இந்த அணியை எனக்குப் பிடிக்கும்.

2025-இல் வில் வெனபிள் மேனேஜராக வந்து 19 வெற்றி கூடியது. ஜூலையில் வந்த கோல்சன் மான்ட்கோமரி 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். மில்வாக்கி பாதுகாக்காமல் விட்டதால், அப்படிப்பட்டவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் ரூல் 5 டிராஃப்டில் சாக்ஸ் எடுத்த பிட்ச்சர் ஷேன் ஸ்மித் ஆல்-ஸ்டார் ஆனார். ஒரு வீரர் எழுந்து வருவதை முதல் வாரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால், இப்போது அதற்கான இடம் தெற்குப் பக்கம்தான்.

இதற்கு மேல் கப்ஸைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. ரிக்லியில் நான் பார்த்தவை கொஞ்சம்தான், அவையும் பகல் ஆட்டங்கள். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே குடியிருந்து, நடந்தே போய் வருகிறவர்களுக்கு என் 'அடிக்கடி' வாதம் பொருந்தாது. அவர்கள் யோசிக்காமல் கப்ஸ் பக்கம் போகலாம். சீசன் டிக்கெட் எடுத்த அனுபவம் எனக்கு இரண்டு இடத்திலும் இல்லை. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் என்றால் இரண்டுமே வேண்டாம். ஜெனீவாவில் கேன் கவுண்டி கூகர்ஸ், ஷாம்பர்க்கில் பூமர்ஸ் என்று சின்ன அணிகள் இருக்கின்றன, பிள்ளைகள் ஓடியாடப் போதுமான இடமும் உண்டு.

சாக்ஸைப் பார்த்துவிடலாம் என்று தோன்றினால் மே கடைசி வரை பொறுங்கள். ஏப்ரல் இரவில் அங்கே குளிர் எலும்பு வரை போகும். வார நாள் ஆட்டமாக எடுங்கள். முதல் ஆட்டமாகக் கப்ஸுடன் மோதும் ஆட்டத்தை மட்டும் எடுக்காதீர்கள். அன்று சாக்ஸ் அரங்கிலும் எங்கு பார்த்தாலும் நீலச் சட்டையாக இருக்கும், டிக்கெட் விலையும் ரிக்லி விலைக்கு ஏறிவிடும்.