நெட் போனாலும் வேலை செய்யும் வீடு: ஸ்மார்ட் கருவிகளில் எந்த வழி?

திருகோணமலையில் வீட்டை ஸ்மார்ட் ஆக்க நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, வைஃபை சுவிட்ச், வைஃபை பல்ப், வைஃபை பிளக் என்று வாங்கி, போனில் உள்ள செயலியில் சேர்ப்பது. துயாவின் ஸ்மார்ட் லைஃப், சோனாஃப் கருவிகளுக்கான ஈவீலிங்க் எல்லாம் இந்த வகை. மற்றது, வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியை வைத்து, ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை அதில் ஓடவிட்டு, ஜிக்பீ கருவிகளை (வைஃபைக்குப் பதிலாகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வேறொரு ரேடியோ முறையில் பேசுபவை) அதனோடு இணைப்பது. உவர்மலையில் எங்கள் வீடு இரண்டாவது வழி. உப்புவெளியில் சித்தப்பா வீடு முதல் வழி. அங்கேயும் கருவிகளைப் பூட்டியது நான்தான், இன்றுவரை பார்த்துக்கொள்வதும் நான்தான். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் சொந்த வீட்டில் நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி.

விலையிலும் சுலபத்திலும் செயலி வழிதான் வெல்லும், அதில் வாதாட ஒன்றுமில்லை. வைஃபை பிளக் ஒன்றை வாங்கினால் பத்து நிமிடத்தில் பாவிக்கத் தொடங்கலாம். ஜிக்பீ வழிக்கு முதல் நாளிலேயே கணினி வேண்டும், ஜிக்பீ அலையைப் பிடிக்கக் கணினியில் செருகும் டொங்கிள் வேண்டும், ஆங்கிலக் குறிப்புகளை உட்கார்ந்து வாசிக்கப் பொறுமையும் வேண்டும். குரலால் இயக்குவது, வெளியூரில் இருந்து பார்ப்பது எல்லாம் இரண்டிலும் முடியும். சுவருக்குள் தனி வயர் இழுத்துச் செய்யும் கேஎன்எக்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நிலாவெளியில் புதிதாக ஹோட்டல் கட்டுபவர் அதை யோசிக்கலாம், கட்டி முடிந்த வீட்டுக்கு வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. கரண்டோ நெட்டோ போய்த் திரும்ப வரும்போது வீடு என்ன செய்யும்?

வெளிநாட்டு வீடியோக்களில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். இங்கே அப்படிக் கடக்க முடியாது. கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு மரக்கிளை போதும், தெரு முழுக்க இருட்டாகிவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போனது. கூரையில் சோலார் இருப்பவர்களும் இதில் தப்பவில்லை. பற்றரி இல்லாமல் பொது மின்சார லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

செயலி வழியில் ஒரு கட்டளை எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். நீங்கள் போனைத் தொட்டால், அது பெரும்பாலும் ரவுட்டர் வழியாக வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு சேர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி உங்கள் சுவரில் உள்ள சுவிட்சுக்கு வருகிறது. சித்தப்பா வீட்டில் பொழுதுபடும்போது கேட் லைட் எரிய வேண்டும் என்று போட்ட ஏற்பாடும் அந்தச் சேர்வரை நம்பித்தான் இருக்கிறது. நெட் இல்லாத இரவுகளில் அந்த லைட் எரிவதில்லை. மழை இரவில்தானே அது அதிகம் தேவைப்படும்.

நெட் இருந்தால் மட்டும் போதாது, அந்த நிறுவனமும் இருக்க வேண்டும். 2014இல் கூகிளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற ஹப் (வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி), 2016 மே மாதத்தோடு வேலை செய்யாமல் போனது. வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது வெறும் பெட்டி. 2020இல் விங்க் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனம், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் மாதக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியன் என்ற இன்னொரு நிறுவனத்தின் சேர்வர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் நின்றன. அதைப் பாவித்தவர்களில் சிலர் சேர்ந்து நிறுவனத்தையே வாங்கி மீட்டெடுத்தார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் எங்கள் கையில் உள்ள மலிவுக் கருவிகளுக்கு அப்படி யார் வருவார்கள்?

அடுத்தது கரண்ட் திரும்ப வரும் நேரம். ஸ்மார்ட் பல்ப் பலவற்றின் இயல்பு, கரண்ட் வந்த உடனே எரிவது. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் படுக்கையறை லைட்டும் கூடவே எரியும். கரண்ட் வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற தெரிவு பல கருவிகளில் உண்டு, வாங்கிய அன்றே அதை மாற்றிவிடுங்கள். நான் பல்பை ஸ்மார்ட் ஆக்குவதையே தவிர்க்கிறேன். சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜிக்பீ மொடியூலைப் பூட்டினால், கணினி செத்தாலும் சுவர்ச் சுவிட்ச் வேலை செய்யும். எங்கள் அம்மம்மா போனைத் தொடமாட்டா. அவ எப்போதும் போல சுவிட்சைத் தட்டுவா, லைட் எரியும். வீட்டில் உள்ள வயதானவருக்கோ பிள்ளைக்கோ புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டி வந்தால், அந்த ஏற்பாட்டில் ஏதோ குறை இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தண்ணீர் மோட்டர் இன்னும் முக்கியம். கிணற்றில் இருந்து தாங்கிக்கு ஏற்றும் மோட்டரைப் போனில் இருந்து இயக்க வேண்டும் என்பது இங்கே பலர் கேட்கும் முதல் விஷயம். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், நீங்கள் வெளியே போன பிறகு வந்தால் என்ன ஆகும்? பழைய நிலைக்குத் திரும்பும்படி விட்ட சுவிட்ச் மோட்டரைத் திரும்ப ஓடவிடும். அந்த நேரம் நெட் வரவில்லை என்றால் செயலியால் அதை நிறுத்தவும் முடியாது. ஆகவே மோட்டருக்கு ஒரே நிலைதான்: கரண்ட் வந்தாலும் நின்றே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கணினி, மோட்டரை இயக்கும் ரிலேயில் (கட்டளை வந்தால் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்) இருந்து வொட் அளவையும் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டர் வழக்கத்தைவிடக் குறைவாக இழுக்கும். அளவு விழுந்தால் நிறுத்திவிடும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறங்கும்போது இது மோட்டரைக் காப்பாற்றும். இதெல்லாம் நெட் இல்லாமலே நடக்கும்.

மோட்டர் பற்றி இன்னொன்று, எந்த வழியில் போனாலும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஆறு அம்பியர் அளவுதான் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. 10 அம்பியர் என்று எழுதியிருக்கும் சின்ன ரிலேயில் நேரே கொடுத்தால் உள்ளே உள்ள முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டர் நிற்காமல் போகலாம். இடையில் ஒரு கொன்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) போடச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். தாங்கியில் உள்ள மிதவைச் சுவிட்சைக் கழற்றவே வேண்டாம்.

சரி, வீட்டுக்குள் கணினி வைப்பதில் குறை இல்லையா? உண்டு, அதுவும் இதே கரண்ட் விஷயத்தில்தான். பலர் இதற்குப் பாவிக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் பற்றரியோடு ஓடும் மணிக்கூடு கிடையாது. கரண்ட் போய் வந்து, நெட் மட்டும் வராமல் இருந்தால் அதற்குச் சரியான நேரம் தெரியாது. மாலை ஆறு மணி லைட் வேறு நேரத்தில் எரியும். அதோடு திடீரென்று கரண்ட் போவதும் ஓயாமல் எழுதுவதும் அதன் தரவு இருக்கும் எஸ்டி காட்டைக் கெடுக்கும். இந்த இரண்டுக்காகவே பழைய சின்ன ஒபிஸ் கணினி ஒன்றில் எஸ்எஸ்டி போட்டு ஓடவிடுவது நல்லது என்பேன். கரண்ட் பில் கொஞ்சம் கூடும், ஆனால் மணிக்கூடு உள்ளேயே இருக்கும். பை தான் வேண்டும் என்றால் மணிக்கூட்டு மொடியூல் ஒன்றைத் தனியாகப் பூட்டலாம். எதுவானாலும் கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒரு யூபிஎஸ் கட்டாயம். பைக்கு ஐந்து வோல்ட், ரவுட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும் சின்ன டிசி யூபிஎஸ்களே போதும்.

வயரிங்கில் ஒரு சிக்கல் இரண்டு வழிக்கும் பொது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வந்திருக்காது. நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் ஸ்மார்ட் சுவிட்சுகள் உண்டு. ஆனால் அவை பல்ப் வழியாகக் கொஞ்சம் கரண்டை எப்போதும் ஓடவிடுவதால் சின்ன எல்ஈடி பல்புகள் மினுங்கும், அதற்கு ஒரு கப்பாசிட்டர் சேர்க்க வேண்டி வரும். அந்த வகை ஜிக்பீ சுவிட்சுகள் பெரும்பாலும் மற்றக் கருவிகளுக்குச் செய்தியைக் கடத்தவும் மாட்டா. புதிதாக வீடு கட்டுபவர்கள் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். சுவர் பூசும் முன் அது பெரிய செலவில்லை.

ஜிக்பீயின் பலமே இந்தக் கடத்தல்தான். லைனில் ஓடும் ஒவ்வொரு பிளக்கும் மொடியூலும் பக்கத்தில் உள்ளதற்குச் செய்தியைக் கடத்தும். நீள வீட்டில் பின்வளவுக் கிணற்றடி வரை அது போய்ச் சேர்வது அப்படித்தான். வைஃபையில் ஒவ்வொரு கருவியும் ரவுட்டரோடு நேரே கதைக்க வேண்டும். சேவை நிறுவனம் கொடுக்கும் சாதாரண ரவுட்டர் கருவிகள் கூடக் கூடத் திணறும். ஆனால் ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இருப்பதால் ஒன்றையொன்று குழப்பும். ரவுட்டரை 1ஆம் சனலில் வைத்து, ஜிக்பீயை 20 அல்லது 25இல் வையுங்கள். டொங்கிளைக் கணினியில் நேரே செருகாமல் ஒரு மீற்றர் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள், யூஎஸ்பி 3 துளைகள் இதே அலைவரிசையில் இரைச்சல் போடும். ஜிக்பீ சரியில்லை என்று கைவிட்டவர்களில் பலருக்கு இந்த ஒரு வயர்தான் குறையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உப்புக் காற்றுக்கு எந்த வழியும் தப்பாது. கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீட்டில் வெளியே பூட்டும் எதுவும் ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) அல்லது அதற்கு மேல் பாதுகாப்புள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும், வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். முடிந்தால் வெளியே லைட்டை மட்டும் வைத்து, மொடியூலை வீட்டுக்குள் வையுங்கள்.

பராமரிப்பு வேலை எந்த வழியில் அதிகம்? நேர்மையாகச் சொன்னால் என் வழியில்தான். ஹோம் அசிஸ்டன்ட் 2013இல் போலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். இன்று மாதம் ஒரு புதிய பதிப்பு வருகிறது. சில பதிப்புகள் பழைய ஏற்பாட்டைக் குழப்பும். நான் வந்த உடனே ஏற்றமாட்டேன். மாதக் கடைசி வரை விட்டு, முழு பேக்கப் எடுத்து, அதை இன்னொரு இடத்திலும் வைத்துவிட்டுத்தான் ஏற்றுவேன். கதவு சென்சர்களின் பற்றரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுவிட்சுக்குப் பின்னால் எந்த மொடியூல், சாதாரண சுவிட்சாகத் திரும்ப மாற்றுவது எப்படி என்பதை ஒரு கொப்பியில் எழுதி மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நேரத்தில் எந்த எலக்ட்ரீசியன் வந்தாலும் அவருக்கு அது போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் செயலி வழியே நல்லது, கழற்றிக்கொண்டு போகலாம். பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இங்கே இருக்கும் வீடுகளிலும் அப்படித்தான். கணினி நின்றால் எழுப்பிவிட ஆள் இல்லாத இடத்தில் என் வழி பாரமாகிவிடும். இரண்டு வழிக்கும் நடுவிலும் ஒன்று இருக்கிறது. ஷெல்லி போன்ற சில வைஃபை கருவிகள் வெளிச் சேர்வர் இல்லாமல் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இயங்கும். செயலி வழியில் போபவர் அந்த மாதிரிக் கருவியைத் தேடி வாங்கினால் நான் சொன்ன குறைகளில் பெரிய பகுதி போய்விடும். சித்தப்பா வீட்டின் கேட் லைட்டையும் மோட்டரையும் அதற்குத்தான் மாற்றப் போகிறேன்.

மேட்டர் என்ற புதிய பொதுத் தரத்தின் முதல் பதிப்பு 2022 ஒக்டோபரில் வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றதோடு, வீட்டுக்குள்ளேயே, கதைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் நான் பாவித்தது ஓரிரு பிளக் மட்டுமே, அதுவும் ஒரு மாரிகாலத்தைக்கூட இன்னும் முழுதாகக் காணவில்லை. ஸ்மார்ட் பூட்டுகள் பற்றியும் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. வாசல் கதவுக்கு நாங்கள் இன்னும் திறப்புத்தான் பாவிக்கிறோம்.