உம்ரா டிக்கெட்டில் மணிக்கணக்கை நீங்களே எண்ணிப் பாருங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். ஏமாந்த கதையைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் ரமலானுக்கு முன்னால் நிறைய பேர் உம்ராவுக்கு, அதாவது மக்கா புனிதப் பயணத்துக்கு, புக் பண்ணுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அத்தாவுக்கு (அப்பாவுக்கு) 74 வயது, முழங்கால் தேய்மானம். சிங்கப்பூரிலிருந்து, மக்காவுக்குப் போக இறங்கும் ஜித்தா சுமார் 7,400 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் போனால் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதனால் தேக்கா பக்கம் இருக்கும் ஏஜெண்டிடம் முதல் நாளே சொன்னேன்: "பாய், டைரக்ட் இருந்தால் மட்டும் போடுங்க." அதற்கென்றே தலைக்கு 300 வெள்ளி கூடுதலாக வாங்கினார்.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது அவரே டைப் செய்த ஒரு தாள் வந்தது. சாங்கியில் இரவு 8 மணி, ஜித்தாவில் காலை 9 மணி. நடுவில் சின்னதாக "கொழும்பு". போன் அடித்தேன். "அட, 13 மணி நேரம்தான் பாய். டைரக்ட்னுதான் சொன்னேன், நான்-ஸ்டாப்னு சொன்னேனா?" என்றார்.

ஒரே விமான எண்ணோடு நடுவில் ஓரிடத்தில் நின்று போனாலும் அதை டைரக்ட் என்று சொல்வார்களாம், அது உண்மைதான். ஆனால் எங்களுக்கு வந்தது இரண்டு எண், இரண்டு விமானம். அவர் சொன்ன விளக்கத்துக்கே அது பொருந்தவில்லை.

அந்த 13 மணி நேரமும் பொய். ஜித்தா நம்மைவிட 5 மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 2. எண்ணிப் பாருங்கள், 18 மணி நேரம். மேற்கே போகும் டிக்கெட் எல்லாமே இப்படித்தான், தாளில் குறைவாகத் தெரியும். திரும்பி வரும்போது அதுவே கூடுதலாகத் தெரியும், அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

கொழும்பில் ஏழரை மணி நேரம். ரூம் இல்லை. சக்கர நாற்காலியில் கேட்டுக்கு கொண்டுவந்து விட்டவர் நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார். மக்கா போகிறவர்கள் இஹ்ராம் உடை கட்டிய பிறகே தாண்ட வேண்டிய எல்லையான மீகாத், வானத்திலேயே தாண்டிப் போய்விடும் என்பதால் அத்தா அங்கேயே கழிவறையில் இஹ்ராம் கட்டிக்கொண்டார். தையல் இல்லாத இரண்டு துணி, ஏசிக் குளிர், இரும்பு நாற்காலி. அம்மா தன் சால்வையைப் போர்த்தப் போனார். "வேணாம்மா, ரெண்டு துணி போதும்" என்று தடுத்துவிட்டார்.

திரும்பி வந்து மூன்று பேருக்கும் கூடுதலாக வாங்கிய 900 வெள்ளியை அவரிடம் கேட்டேன். அடுத்த பயணத்துக்கு 100 வெள்ளி கழிவு தருகிறாராம். ரசீதில் "உம்ரா பேக்கேஜ்" என்று மட்டும்தான் இருக்கிறது. என் பிழை அது. நல்லவேளை, "டைரக்ட், 9 மணி நேரம்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை.

பணம் கட்டுமுன் விமான எண்ணை வாங்கி நீங்களே தேடுங்கள். இறங்கும் நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி எண்ணுங்கள். ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா என்று பயணத்துறைக் கழகத்தின் பட்டியலில் பாருங்கள். பிரச்சினை என்றால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை ஸ்மால் கிளைம்ஸ் எனும் சிறு தொகை வழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் இந்த வாரம் போடுகிறேன்.

நேற்று அவரிடமிருந்து எல்லாருக்கும் போகும் செய்தி எனக்கும் வந்தது: "ரமலான் உம்ரா, டைரக்ட், சீட் குறைவு." அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.