ஜேஎல்பிடி என்2, கோதே பி1: ரெண்டு பேப்பரையும் வருஷக்கணக்கா கையில வச்சிருந்த அனுபவம்

மொழி எக்ஸாம் பத்தின ரிவ்யூ முக்கால்வாசி பாஸ் பண்ண சூட்டோட எழுதினதா தான் இருக்கும், எந்த புக் படிச்சேன், எத்தன மாக் டெஸ்ட் போட்டேன்னு. அது வேண்டிய அளவு கிடக்கு. நான் ஜாப்பனீஸ்ல என்2, ஜெர்மன்ல கோதே இன்ஸ்டிடியூட் நடத்தற பி1 முடிச்சு சில வருஷம் ஆச்சு, ரெண்டையும் வேலையில யூஸ் பண்றேன், அதனால அந்த சர்டிபிகேட் எங்க கை கொடுத்துச்சு எங்க கால வாருச்சுன்னு மட்டும் சொல்றேன்.

ஜேஎல்பிடிங்கற ஜப்பானிய மொழித்திறன் எக்ஸாம் 1984லேர்ந்து நடக்குது. அப்போ நாலு லெவல், 2010ல மாத்தி அஞ்சு ஆக்கினாங்க (என்5 சுலபம், என்1 உச்சம்), பழைய 3க்கும் 2க்கும் நடுவுல இருந்த பள்ளத்துல என்3ய சொருகினாங்க. சொருகியும் பள்ளம் முழுசா மூடலைங்கறது என்3லேர்ந்து என்2க்கு ஏறினவங்க எல்லாருக்கும் தெரியும். ஜூலை, டிசம்பர்ல முதல் ஞாயித்துக்கிழமை எக்ஸாம். முழுக்க ஓஎம்ஆர் ஷீட், பென்சில வச்சு வட்டத்த நிரப்பினா போதும், ஒரு வரி எழுத வேண்டாம், ஒரு வார்த்த பேச வேண்டாம்.

இதுல இலக்கணத்துல ஒரு டைப் கேள்வி இருக்கு, நட்சத்திர கேள்வின்னு வச்சுக்கங்க. ஒரு வாக்கியத்துல நாலு கோடு, கீழ நாலு துண்ட கலச்சு போட்டிருப்பாங்க, மனசுக்குள்ள வரிசையா அடுக்கி நட்சத்திரம் இருக்கற கோட்டுல எந்த துண்டு வருதுன்னு மட்டும் நிரப்பணும். முதல்ல இது என்னடா விளையாட்டுன்னு தான் தோணுச்சு, ஆனா இன்னிக்கு நாலு வரிக்கு முற்றுப்புள்ளி இல்லாம வர்ற ஆபீஸ் மெயில பிரிச்சு படிக்க முடியுதுன்னா அதுக்கு காரணம் இந்த கேள்வி தான். தமிழ் ஆளுங்களுக்கு இதுல ஒரு அட்வான்டேஜும் உண்டு, வினை கடைசில வர்றது, "நேத்து வந்த ஆள்"னு விவரம் எல்லாம் பெயருக்கு முன்னாடியே வர்றது, ரெண்டும் நமக்கு பழக்கம் தானே, இங்கிலீஷ் வழியா படிக்காம நேரா தமிழ்ல யோசிச்சு அடுக்கினா சட்டுனு உக்காந்துரும்.

லிசனிங் என்2ல 50 நிமிஷம், ஒரு தடவ தான் ஓடும். அதுல ஒரு பகுதில பேப்பர்ல ஒண்ணுமே அச்சடிச்சிருக்காது, ஒருத்தர் ஒரு வரி சொல்வாரு, பதிலா மூணு வரி கேக்கும், எது பொருந்துதோ அத உடனே நிரப்பணும். போன கேள்விய நெனச்சுட்டே இருந்தா இந்த கேள்வியும் போச்சு. இந்த பழக்கத்தால மீட்டிங்ல யார் என்ன சொல்றாங்கன்னு தெளிவா புரியும். ஆனா என் முறை வந்து "நீங்க என்ன நெனக்கறீங்க"ன்னு கேட்டா வாய் திறக்காது, மூணு பதில் கண்ணு முன்னாடி இருந்தா கரெக்டா எடுத்துடுவேன், நானா ஒண்ணு உருவாக்கணும்னா தான் பிரச்சன. என்2 சர்டிபிகேட் பாத்து என்ன வேலைக்கு எடுத்தவங்க நான் பேசுவேன்னு எதிர்பார்த்தாங்க, அவங்க மேலயும் தப்பு இல்ல, அந்த பேப்பர்ல பேச்ச டெஸ்ட் பண்ணலன்னு பெரிசா போட்டிருக்கா என்ன.

மார்க் கணக்கும் கொஞ்சம் விசித்திரம். 180க்கு 90 வந்தா என்2 பாஸ், ஆனா மூணு பகுதில ஒவ்வொண்ணுலயும் 60க்கு 19ஆவது வரணும், ஒண்ணுல 18 வந்தா மொத்தம் 130 இருந்தாலும் ஃபெயில் தான். எத்தன கேள்வி சரின்னு எண்ணி மார்க்க கண்டுபிடிக்கவும் முடியாது, எக்ஸாமோட கஷ்டத்துக்கு ஏத்த மாதிரி ஸ்கேல் பண்ணின மார்க்.

கோதே பி1 வேற உலகம். படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு நாலு மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 வேணும், ஒண்ணு போனா அத மட்டும் திரும்ப எழுதலாம், இது ரொம்ப நல்ல ஏற்பாடு. பேசறதுல பொதுவா ஜோடியா உக்கார வைப்பாங்க, முதல்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒண்ண பிளான் பண்ணணும், அப்புறம் அஞ்சு ஸ்லைடு வச்சு ஒரு சின்ன பிரசன்டேஷன், கடைசில எதிர்ல இருக்கறவரோட பிரசன்டேஷனுக்கு கருத்து சொல்லி கேள்வி கேக்கணும். தப்பு தப்பா பேசினாலும் பேச்ச நிறுத்தாம இழுத்துட்டு போகணும்ங்கறத இங்க தான் கத்துக்கிட்டேன். விளைவு, லெவல்ல பாத்தா என் ஜெர்மன் கீழன்னு தான் சொல்வாங்க, ஆனா போன் எடுத்து பேசச் சொன்னா ஜெர்மன்ல தான் தைரியமா எடுப்பேன்.

அதனால லெவல வச்சு ரெண்டு மொழிய ஒப்பிடறவங்கள பாத்தா சிரிப்பு வருது. ஏ1லேர்ந்து சி2 வரைக்கும் உள்ள ஐரோப்பிய அளவுகோல் 2001ல ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்டது, ஒவ்வொரு லெவல்லயும் என்ன செய்ய முடியும்னு சொல்றது, அது எக்ஸாமே இல்ல. ஜேஎல்பிடிலயும் 2025 டிசம்பர்லேர்ந்து ரிசல்ட்ல இந்த லெவல குறிப்பா போடறாங்க, என்2ல 112ம் அதுக்கு மேலயும் வந்தா பி2, 90லேர்ந்து 111 வரைக்கும் பி1. ஒரே என்2 பாஸுக்கு ரெண்டு லெவல், அதுவும் படிக்கறது கேக்கறது வரைக்கும் தான். இந்த கணக்குப்படி நான் பி1, எனக்கு அது நியாயமா தான் படுது.

காலாவதி விஷயத்துல பல பேர் குழம்பறாங்க. ஜேஎல்பிடி, கோதே ரெண்டுமே காலாவதி தேதி போடறதில்ல, ஐஇஎல்டிஎஸ், டோஃபெல்ங்கற இங்கிலீஷ் எக்ஸாம், டோபிக்ங்கற கொரியன் எக்ஸாம் மாதிரி ரெண்டு வருஷம்னு கிடையாது. ஆனா சர்டிபிகேட்ட கேக்கற இடம் தன் பங்குக்கு "ரெண்டு வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்"னு சொல்லலாம், அதுக்கு எக்ஸாம் நடத்தறவங்க பொறுப்பில்ல. அப்ளை பண்ற இடத்துல மொதல்லயே கேட்டுட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.

எந்த எக்ஸாம் எடுக்கறதுன்னு என்ன கேட்டா, அது எத டெஸ்ட் பண்ணாதுன்னு பாத்துட்டு அத முதல் நாள்லேர்ந்தே தனியா படிங்கன்னு தான் சொல்வேன். என்2க்கு படிக்கறவங்க தினமும் கொஞ்ச நேரமாவது யார்கிட்டயாவது பேசுங்க, எக்ஸாம் முடிஞ்சு பாத்துக்கலாம்னு விட்டா பேச்சு நகரவே நகராது. என்1 எப்போன்னு கேக்கறாங்க. ஜப்பான் உயர்திறன் விசா பாயிண்ட் கணக்குல என்2க்கு 10, என்1க்கு 15, அந்த எக்ஸ்ட்ரா அஞ்சு இப்போதைக்கு எனக்கு தேவைப்படல, அதனால அந்த நேரத்த எல்லாம் மீட்டிங்ல வாய திறக்கறதுக்கு செலவு பண்ணிட்டு இருக்கேன்.