ஓதுவாரோடு ஒரு தேவாரத் தலப் பயணம்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

மயிலாடுதுறையில் தங்கி, வெள்ளி சனி இரண்டு நாளில் சீர்காழி முதல் திருவாரூர் வரை சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகியோரின் தேவாரப் பாடல் பெற்ற தலங்களைப் பார்க்கும் வேன் பயணம் ஒன்றில் போய் வந்தேன். வேன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,000 ரூபாய்க்குள். குறையும் சொல்லப் போவதால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. யார் நடத்தும் பயணத்துக்கும் இது பொருந்தும்.

முதலில் நல்லது. கோயிலில் தேவாரம் பாடி ஓய்வு பெற்ற ஓதுவார் ஒருவரை இரண்டு நாளும் கூடவே அழைத்து வந்தார்கள். அவருக்காகத்தான் நான் பணமே கட்டினேன், அந்தப் பணம் வீண் போகவில்லை. சீர்காழியில் பிரம்ம தீர்த்தக் கரையில் எங்களை உட்கார வைத்து, திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி, ‘தோடுடைய செவியன்’ பதிகத்தின் பதினொரு பாட்டையும் நட்டபாடைப் பண்ணில் நிறுத்தி நிதானமாகப் பாடினார். முதல் பாட்டு நம்மில் பலருக்கு மனப்பாடம், ஆனால் அதற்கு மேல் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? முழுவதும் கேட்டால்தான் சம்பந்தர் பதிகத்தைக் கட்டுகிற விதம் பிடிபடுகிறது. எட்டாம் பாட்டில் இராவணன் வருகிறான், ஒன்பதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுகிறார்கள், பத்தில் சமணரையும் பௌத்தரையும் சாடுகிறார், பதினொன்றில் தன் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் சொல்லி முடிக்கிறார். இதை ஓதுவார் ஐயா சொல்லிக்கொடுத்த பிறகு, அடுத்தடுத்த சம்பந்தர் பதிகங்களில் “இதோ இராவணன் வந்துவிட்டான்” என்று வேனில் இருந்த பிள்ளைகளே கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் திருப்புன்கூர். நந்தனாருக்காக விலகிய நந்தி, சிவலோகநாதர் தரிசனம், அளவான நேரம், குறை ஒன்றும் இல்லை.

மாலையில் நடை திறந்ததும் திருவீழிமிழலை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பஞ்ச காலத்தில் அடியார்களுக்குச் சோறு போட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வைத்த பீடங்கள் இங்கே இருக்கின்றன. அப்பருக்கு வந்தது நல்ல காசு, அவர் உழவாரத்தோடு உடலால் தொண்டு செய்தவர். சம்பந்தர் காசைக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது மதிப்பில் கழிவு, பிடித்துத்தான் வாங்கினார்கள், அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமானது. உடனே சம்பந்தர் “வாசி தீரவே, காசு நல்குவீர்”, அந்தக் கழிவு இல்லாத காசு கொடு, என்று நேராகக் கேட்டுவிடுகிறார்! இரண்டிரண்டு சீராக நறுக்கென்று வரும் அந்தத் திருவிருக்குக்குறள் பதிகத்தைப் பீடங்களுக்கு அருகிலேயே நின்று ஓதுவார் பாட, நாங்கள் வாங்கிப் பாடினோம். பசித்தவன் சோற்றுக்காகக் கடவுளிடம் உரிமையோடு கணக்குக் கேட்கிற பாட்டு இது. எனக்குப் பக்தி இயக்கம் என்றால் இந்த உரிமைதான், அதை அந்த இடத்தில் வைத்துக் கேட்டது பெரிய பாக்கியம். வௌவால் நெற்றி மண்டபத்தையும் நின்று பார்க்க நேரம் கொடுத்தார்கள்.

சரி, இப்போது குறை. இரண்டாம் நாளில், ஆட்களைச் சேர்ப்பதற்காகத் திருநள்ளாற்றை ‘சனி பகவான் தரிசனம்’ என்று போட்டு நுழைத்திருந்தார்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், காலைப் பொழுது முழுக்க வரிசையிலேயே போனது. சனீஸ்வரரைக் கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சம்பந்தர் சமணரோடு நடத்திய மதுரை அனல் வாதத்தில் நெருப்பில் போட்டும் வேகாமல் பச்சையாக இருந்த ஏடு ‘போகமார்த்த பூண்முலையாள்’ என்ற இந்தத் திருநள்ளாற்றுப் பதிகம்தான் என்பதைத் தேவாரப் பயணம் என்று பணம் வாங்கியவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஓதுவார் ஐயாவுக்கும் அங்கே பாட இடம் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே காரைக்கால், தேவார மூவருக்கும் முந்தியவரான காரைக்கால் அம்மையாரின் ஊர், அவருக்குத் தனிக் கோயிலும் உண்டு. நேரமில்லை என்று வேன் நிற்காமல் போனது, எனக்கு மனசே ஆறவில்லை.

அதன் விளைவு திருப்புகலூரில் தெரிந்தது. அப்பர் முத்தி பெற்ற தலம், ‘எண்ணுகேன் என்சொல்லி எண்ணு கேனோ’ என்ற திருத்தாண்டகத்தைக் கேட்க வேண்டிய இடம். நாங்கள் போனபோது உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். சாயங்காலம் வரை காத்திருந்தால் திருவாரூர் தவறிப்போய்விடும் என்று வெளியிலேயே நின்று ஒரு பாட்டு மட்டும் பாடிவிட்டுக் கிளம்பினோம்.

திருவாரூர் அந்த வருத்தத்தைக் கொஞ்சம் ஆற்றியது. சுந்தரர் ‘தில்லைவாழ் அந்தணர்தம்’ என்று தொடங்கி, சிவனடியார்களை வரிசையாகச் சொல்லும் திருத்தொண்டத்தொகையைப் பாடிய தலம் அல்லவா, அதைத் தேவாசிரிய மண்டபத்தின் அருகில் உட்கார்ந்து முழுவதும் கேட்டோம். அந்தப் பதினொரு பாட்டுதான் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதிக்கும் பிறகு சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கும் மூலம் என்பதை வழிகாட்டிப் பையன் தெளிவாகச் சொன்னார். ஆனால் சீர்காழியில், 2023-இல் திருப்பணிக்காகத் தோண்டியபோது தேவாரம் பொறித்த செப்பேடுகள் கிடைத்ததை அவரும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கையில் கொடுத்த பதிகப் புத்தகம் நன்றாக இருந்தது, பெரிய எழுத்து, சந்தி பிரித்த பாடம், பண் பெயரும் போட்டிருந்தார்கள். அறை சுத்தம், சாப்பாடு சுமார்.

நீங்கள் இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், எத்தனை கோயில் என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு கோயிலிலும் எத்தனை பாட்டு பாடப்படும் என்று கேளுங்கள். நடை சாத்தும் நேரத்தில் வேன் எங்கே இருக்கும் என்றும் கேளுங்கள், பெரும்பாலான ஊர்களில் பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஓதுவாருக்கான சம்பாவனை, அதாவது மரியாதைப் பணம், கட்டணத்தில் சேர்ந்ததா என்பதையும் விசாரியுங்கள். எங்கள் பயணத்தில் சேர்க்கவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது, நாங்களே பணம் சேர்த்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தோம்.