யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு இன்டர்வியூ பயிற்சி: போகலாமா?

யூகேயில் மாஸ்டர்ஸ் முடித்து, படிப்பு முடித்தவர்கள் அங்கேயே வேலை செய்யத் தருகிற இரண்டு வருட கிராஜுவேட் விசாவும் எடுத்துவிட்டு விடுமுறைக்கு வந்த தங்கச்சியை, திருநெல்வேலிப் பக்கம் ஐஈஎல்டிஎஸ் படிப்பிக்கிற ஒரு இடத்தில் இன்டர்வியூ பயிற்சிக்குச் சேர்த்தோம். நானும் கூடப் போய்ப் பின் வாங்கில் இருந்து பார்த்தேன். பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் அவர்கள் தருகிற தாள்களை நம்பாதீர்கள்.

சேர் கெட்டிக்காரர். வேலை அனுபவத்தைக் கேட்க, தங்கச்சி "பெரிசா ஒண்டுமில்லை சேர், லீவில அப்பான்ர கடையில நிண்டனான்" என்று நிறுத்திவிட்டாள். அவர் விடவில்லை. "அங்கை என்ன செய்தனீர்?" சுன்னாகத்தில் இருக்கிற எங்கள் பலசரக்குக் கடையின் கடன் கொப்பியை எக்செலுக்கு மாற்றி, ஆர் எவ்வளவு காலமாகத் தரவில்லை என்று மாதாமாதம் அப்பாவுக்குப் பிரித்துக் கொடுத்தது அவள்தான், அதற்குப் பிறகுதான் நிலுவையே குறைந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டாள்! நிலைமை என்ன, உம்முடைய பொறுப்பு என்ன, நீர் செய்தது என்ன, பலன் என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழக்கினார் சேர். ஸ்டார் முறை என்பது இதுதான். கணக்கு வேலை தேடுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேறென்ன? கடையில் நின்றது, கோயில் திருவிழாக் கணக்குப் பார்த்தது எதையுமே எங்கள் பிள்ளைகள் அனுபவம் என்று நினைப்பதில்லை, எனக்கு அது பெரிய கவலை.

அடுத்த அறையிலிருந்து சூமில் கதைக்க வைத்ததும் நல்ல விஷயம். எதிரில் ஆளே இல்லாமல் கேள்வி மட்டும் திரையில் வர, பதிலை நாங்களே பதிவுசெய்து அனுப்புகிற வகைக்கும் பழக்கினார்கள்.

இனிக் குறை. மாதிரிப் பதில்கள் என்று ஒரு கட்டுத் தாள் தருகிறார்கள், எல்லாப் பிள்ளைகளும் அதையே பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள், கேட்கவே அந்தரமாக இருக்கிறது. விசாத் தாள் அதைவிட மோசம். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கு, அதாவது கம்பனி ஸ்பொன்சர் பண்ணி எடுக்கிற வேலை விசாவுக்கு, வருடத்துக்குக் குறைந்தது இருக்கவேண்டிய பொதுச் சம்பள எல்லை 38,700 பவுண்ட் என்று போட்டிருந்தார்கள், அது 2025 ஜூலை 22 முதல் 41,700. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு 33,400 என்ற குறைந்த எல்லை இருப்பது அதில் இல்லவே இல்லை. (அந்தந்த வேலைக்கென்று தனி வீதமும் உண்டு, அதையும் பார்க்க வேண்டும்.) "ஸ்பொன்சர் தேவையா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இப்போதைக்கு வேண்டாம், விசா முடியும்போது வேணும், எனக்குரிய எல்லை இவ்வளவு என்று பிள்ளை நேராகச் சொல்ல இந்த விபரம் தெரிந்திருக்க வேண்டாமா? 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு கிராஜுவேட் விசாவும், பிஎச்டி தவிர, 18 மாதமாகிறது. இதெல்லாம் பிரிட்டன் அரசாங்கத் தளத்திலேயே இருக்கிறது, ஸ்பொன்சர் உரிமம் உள்ள கம்பனிகளின் பட்டியலும் அங்கேயே. விண்ணப்பிக்க முதல் அதில் கம்பனியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

முழு கோர்ஸ் தேவையில்லை, தனி அமர்வுக்கு மட்டும் காசு கட்டலாம். சனி, ஞாயிறில் ஐஈஎல்டிஎஸ் பிள்ளைகளால் இடம் நிரம்பிவிடும், கிழமை நாளில் பின்னேரம் கேளுங்கள்.