நான்கு பட்டறைகளுக்கு ஒரு சாணைப் பொறி: மூன்று வழிகளின் ஒப்பீடு

திருகோணமலையில் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் சிறிய லேத் (கடைசல் பொறி) ஒன்றை வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக இரும்பு கடைபவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. உவர்மலை, லிங்கநகர், உப்புவெளி, கிண்ணியா என்று ஆளுக்கோர் இடத்தில் இருக்கும் எங்கள் நால்வருக்கும் குறை ஒன்றுதான்: சுழன்றபடி உலோகத்தைச் சீவும் மில்லிங் கட்டர்கள் மழுங்கினால் அவற்றைத் தீட்ட வழியில்லை. லேத் உளியைக் கையால் பிடித்தே சாணை பிடித்துவிடலாம். நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் நான்கு பல் கட்டரான எண்ட் மில்லை அப்படித் தீட்டினால், நூலிழை உயர்ந்து நிற்கும் ஒரு பல்லே முழு வெட்டையும் சுமந்து முதலில் மழுங்கும். மற்ற மூன்றும் சும்மா சுழலும். ஆகவே தீட்டும் பொறி ஒன்றை நால்வரும் கூடிச் செய்வதென்று முடிவாகி, எதைச் செய்வது என்பதில் மூன்று கட்சிகள் உருவாயின.

முதலாவது க்வோர்ன். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெனிஸ் சாடொக் 1970களில் வெளியிட்ட இந்த வடிவமைப்புக்கு, லெஸ்டர்ஷயரிலுள்ள க்வோர்ன் என்னும் ஊரின் பெயரே சூட்டப்பட்டது. இரண்டு உருளைத் தண்டுகளின் மேல் நகர்ந்தும் சரிந்தும் திரும்பியும் நிற்கக்கூடிய தலைப்பகுதியால், லேத் உளி முதல் எண்ட் மில்லின் பக்கப் பற்கள் வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் தீட்டலாம். பொழுதுபோக்குக் கடைசல்காரர் ஒருவர் தன் கைத்திறனை நிரூபிக்கச் செய்யும் பொறி என்றே அது பெயரெடுத்திருக்கிறது. அதன் உருண்டைக் கைப்பிடிகளைக் கடைந்து முடிக்கும் ஆசை எனக்கும் உண்டு.

ஆனால் கூட்டு வேலைக்கு அது தோதானதா என்று பார்க்கும்போது சிக்கல் தொடங்குகிறது. மூல வரைபடம் அங்குலக் கணக்கில் உள்ளது. கொழும்பிலிருந்து நாங்கள் வரவழைக்கக்கூடிய தண்டோ மில்லிமீட்டர் கணக்கில் வருகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; 25 மி.மீ. தண்டை வாங்கினால் அதைத் தழுவும் துளைகள் அனைத்தையும் மாற்றி வரைய வேண்டும். அந்தத் துளைகள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், ஆட்டம் காணக்கூடாது. இத்தகைய பொருத்தத்துக்கான தர அளவுகளின்படி, எச்7 எனப்படும் துளைக்கு 25 மி.மீ.க்கு மேல் 0.021 மி.மீ. வரையும், எச்6 எனப்படும் தண்டுக்கு 0.013 மி.மீ. குறைவு வரையுமே இடம் உண்டு. தண்டை ஒருவரும் துளையை வேறொருவரும் வெவ்வேறு லேத்தில், வெவ்வேறு மைக்ரோமீட்டரால் அளந்து செய்தால் இந்த இடைவெளி காற்றில் போய்விடும். (இதற்கு ஊர் வெயிலைக் குறை சொல்வதில் பயனில்லை, பத்துப் பாகை வெப்ப வேறுபாட்டில் 25 மி.மீ. எஃகு ஏறத்தாழ 0.003 மி.மீ. மட்டுமே விரியும்.) முக்கியமான துளைகள் அனைத்தையும் ஒருவரே குடைந்தால்தான் பொறி ஒழுங்காக அமையும், அப்படியானால் மற்ற மூவரும் கைப்பிடி கடைபவர்களாகிவிடுவார்கள்.

வார்ப்புகள் இன்னொரு கவலை. 2022இல் டொலர் ஒன்றின் விலை 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த பின்னர், வெளிநாட்டிலிருந்து வார்ப்புகளை வரவழைக்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. மீன்பிடிப் படகு இயந்திரங்களின் பழைய பிஸ்டன்களைச் சிரட்டைக்கரி உலையில் உருக்கி நாமே வார்க்கலாம் என்றார் லிங்கநகர் நண்பர். அலுமினியம் 660 பாகையளவில் உருகுவதாலும், பிஸ்டன் உலோகத்தில் சிலிக்கன் இருப்பதால் அச்சுக்குள் நன்றாக ஓடுவதாலும் அவர் சொன்னது நடக்கக்கூடியதே. அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. என் மறுப்பு தண்டுகளைப் பற்றியது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பட்டறையில் திறந்து கிடக்கும் எஃகுத் தண்டுக்கு எண்ணெய் பூசாவிட்டால் வாடைக் காலத்து ஈரத்தில் சில நாட்களிலேயே துரு ஏறும்; பூசினால் சாணைப் பொடி முழுவதும் அதில் ஒட்டி, நகரும்போதெல்லாம் தண்டை அராவும்.

இரண்டாவது வழி, மியூனிக்கின் டெக்கல் நிறுவனம் செய்த சிறிய தீட்டு பொறியைப் பின்பற்றியது. இப்போது சீனாவிலிருந்து வரும் நகல்கள் இதன் வழிவந்தவையே. ஒற்றைப் பல் கொண்ட செதுக்கு கட்டர்களைத் தீட்டுவதற்கு அதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை. எங்கள் நால்வரில் எவரும் செதுக்கு வேலை செய்வதில்லை. நான்கு பல் எண்ட் மில்லுக்கு அதனுடன் தனி இணைப்பும் வேண்டும். வசதியிருப்பவர் வாங்கிக்கொள்ளலாம், கூடிச் செய்வதற்கு ஏற்றதன்று.

மூன்றாவது, எவரும் பெருமை பேசாத வழி: ஏற்கெனவே வைத்திருக்கும், 150 மி.மீ. சாணைக் கல் சுழலும் பெஞ்ச் கிரைண்டரின் முன் பொருத்தும் சரிவு மேசை. அடித்தகடு, இரண்டு புயங்கள், மேசை, ஒரு வழிகாட்டிச் சட்டம், முன்னும் பின்னும் நகர்த்த 6 மி.மீ. விட்டமுள்ள எம்6 திருகு ஒன்று, அவ்வளவுதான். அந்தத் திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும், தலையில் நாற்பது கோடுகள் போட்டால் ஒரு கோடு 0.025 மி.மீ. மூட்டுகள் யாவும் போல்ட்டால் இறுக்கப்படுபவை. இறுக்கிய பின் நகராத மூட்டுக்குத் துல்லியமான பொருத்தம் அவசியமில்லை என்பதால், க்வோர்னில் நால்வரையும் பிரித்துவிடும் அந்த மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குச் சண்டை இங்கே எழுவதேயில்லை.

எண்ட் மில்லைப் பிடிக்க ஒரு சதுரக் கட்டை போதும். அதன் நடுத்துளை நான்கு பக்கங்களுக்கும் இணையாக இருந்துவிட்டால், கட்டையை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வைக்கும்போது பற்கள் தாமாகவே 90 பாகைக்கு ஒன்றாக வந்து நிற்கும். மூன்று பல் கட்டருக்கு அறுகோணக் கட்டை. உப்புவெளி நண்பர் ஒரு மாற்று சொன்னார்: மேசையைச் சரிக்காமல், கல்லின் மையத்திலிருந்து தீட்டும் புள்ளியின் உயரத்தை மாற்றியே பின்சரிவை (வெட்டு விளிம்புக்குப் பின்னால் பல் உரசாதிருக்க விடும் சரிவை) பெறலாம் என்றார். கணக்கு சரிதான், 150 மி.மீ. கல்லில் 7 பாகைக்கு 9.1 மி.மீ. வேறுபாடு வேண்டும். ஆனால் கல் தேய்ந்து 130 மி.மீ. ஆகும்போது அதே உயரத்தில் கிடைப்பது 8 பாகைக்கும் சற்று மேல். ஒவ்வொருவர் கல்லும் ஒவ்வோர் அளவில் தேய்ந்திருக்கும் நிலையில் இது ஒத்துவராது. சரிவு மேசையில் கல்லின் மைய உயரத்தில் வைத்துத் தீட்டினால் கல்லின் விட்டம் கணக்கில் வருவதில்லை. பாகைமானிக்குப் பதிலாக 5, 7, 12 பாகைகளுக்கு வெட்டிய ஆப்புகளை வைத்தே மேசையைச் சரிசெய்யலாம்.

இந்த மேசையால் எண்ட் மில்லின் நுனிப் பற்களையே தீட்ட முடியும். முறுக்கிச் செல்லும் பக்கப் பற்களைத் தீட்ட முடியாது. அதற்குக் க்வோர்ன் போன்ற ஒன்றே தேவை. இது சிறிய குறையன்று. ஆயினும் எங்கள் பழைய கட்டர்ப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவை நுனியில்தான் மழுங்கியிருந்தன. பக்கம் போனவற்றை நுனியோடு வெட்டிக் குட்டையாக்கிப் பயன்படுத்தலாம்.

விவாதம் நீண்டபோதுதான் எங்கள் கேள்வியே பிழையாக இருந்தது தெரிந்தது. கூடிச் செய்ய வேண்டும் என்றதும், செய்த பொருளையும் பொதுவில் வைத்திருக்க வேண்டும் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம். ஒரே பொறி யார் வீட்டில் இருப்பது, கிண்ணியாவிலிருந்து ஒரு கட்டருக்காகப் பாலம் கடந்து வருவதா, கல்லை உடைத்தவர் சொல்லாமல் போனால் என்ன செய்வது என்பவையெல்லாம் அதனால் வந்த தலைவலிகள். க்வோர்ன் என்றால் ஒன்றுதான் செய்ய முடியும். தகட்டு மேசை என்றால், நான்கு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே அமைப்பில் துளையிட்டுவிட, நாலாவது மேசைக்கு ஆகும் கூடுதல் நேரம் மிகக் கொஞ்சம்.

ஆகவே நான்கு செய்கிறோம். புயங்கள் லிங்கநகரில், திருகுகள் கிண்ணியாவில், மேசைத் தகடுகள் உப்புவெளியில், சதுர, அறுகோணக் கட்டைகள் என்னிடம். எவருடைய உதிரியும் எவருடைய மேசையிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக, 12 மி.மீ. அச்சாணித் துளைகளைச் சோதிக்க அளவுக்கட்டை ஒன்றைக் கடைந்து ஆளுக்கு ஆள் கைமாற்றுகிறோம். பொதுச் சொத்தாக இருப்பது அது ஒன்றே. இந்த வாரம் அது எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு உப்புவெளியில் இருக்கிறது.